பீர்க்கன்கரணையில் ஒரு பிரெஞ்சுப் பெட்டி

பழைய சாமான் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் ஏதாவது சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எது தேக்கு, எது ரோஸ்வுட், எந்தக் கடிகாரம் ஓடும், எது ஓடாது என்பதையெல்லாம் நீங்கள் இப்போது போனிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். அதைச் சொல்ல நான் தேவையில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், திரிசூலம் மலையில் கல் உடைக்கிற வேலை, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற வேலை, ஏலக்கடையில் பீரோ தூக்குகிற வேலை என்று சுற்றிவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்ததுகூட முட்டி போய்விட்டதால்தான். ஆசைப்பட்டு இல்லை.

ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தெம்பாக எழுந்து போக முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏலக்கடையில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன்தான், பசிக்கிறது என்றால் தன் டிபன் பாக்ஸைத் தள்ளிவிடுவார். ஆனால் சாமான் வாங்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வேறு ஆளாகிவிடுவார். வெள்ளிக் கூஜாவைப் பார்த்தால் "ஈயம்மா" என்பார். தேக்குக் கட்டிலைப் பார்த்தால் "பலா மரம், பூச்சி அரிச்சிருக்கு" என்பார். எது மஞ்சளாகத் தெரிந்தாலும் "பித்தளைதாம்மா" என்பார். அந்த 'தாம்மா'வில் ஒரு சலிப்பு இருக்கும். கஷ்டப்பட்டு இரக்கப்படுகிற மாதிரி. வீட்டுக்காரம்மா விலை சொல்ல வாய் திறப்பதற்குள் சாமானின் விலை தரைக்கு வந்துவிடும். அவர் மட்டும் இல்லை, நம் தொழிலில் தெருத்தெருவாகப் போன அத்தனை பேரும் அப்படித்தான் பேசினார்கள். அவரோடு போய்ப் போய் என் வாயும் அந்தச் சுருதிக்குப் பழகிவிட்டது.

அவரிடம்தான் அந்த மாதிரிப் பெட்டி ஒன்றை முதன்முதலில் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் நகை வைக்கச் செய்த பெட்டி. பலகைமேல் ஆமை ஓட்டைத் தகடாகச் சீவி ஒட்டி, அதற்குள் பித்தளையைக் கொடி கொடியாக அறுத்துப் பதித்திருப்பார்கள். ஓட்டுக்கு அடியில் சிவப்புப் பூசியிருப்பதால் உள்ளே நெருப்பு இருக்கிற மாதிரித் தெரியும். மூலைகளில், கால்களில் வெண்கல வார்ப்புகள்; நம் கடைப் பேச்சில் அதுவும் பித்தளைதான். அந்த வெண்கலத்தின்மேல் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தை ஓட்டிவிடுவார்களாம். தங்கம் மட்டும் தோல் மாதிரி ஒட்டி நிற்கும். "மேல தங்கம், உள்ள வெண்கலம். ஆனா விலை ரெண்டுக்கும் இல்ல, செஞ்ச கைக்கு. ஒரு மூலை பேந்துச்சுன்னா செத்த பொணம்" என்று அவர் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு புதன்கிழமை காலை ஏழுமலை என்பவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் என் கொட்டகைக்கு வந்தார்.

"சார், வெள்ளக்காரன் சாமான்லாம் பாக்கறவரு நீங்கதான?"

"ஆமாம்."

"ஊட்ல ஒரு பொட்டி கீது. வந்து பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லணும். நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது, அதுக்குத்தான்."

பின்னால் உட்கார்ந்து போகும்போதே விஷயம் எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அப்பா இளவயதில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பம் கப்பலேறியபோது அந்த வீட்டு அம்மா அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. அப்பா போன வருஷம் போய்விட்டார். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் பூர்வீக நிலம் கொஞ்சம் இருக்கிறது. மனை போடுகிறவர்கள் கேட்கிறார்கள். ஆனால் தங்கச்சி கையெழுத்து இல்லாமல் யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள்.

தங்கச்சி பெயர் கன்னியம்மா. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. அண்ணன் வீட்டின் பின்கட்டில் இருக்கிறாள். அண்ணிக்கும் அவளுக்கும் அடுப்பில் ஆரம்பித்துக் குழாயடி வரை சண்டை. அதனால் பேசி முடித்திருக்கிறார்கள். பெட்டி அவளுக்கு, நிலம் இவருக்கு. நிலத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"நட்டம் எனக்குத்தான் சார். அவ்ளோவும் தங்கம். தாம்பரம் மார்க்கெட்டுல அடகுக் கடையில ஒரசிப் பாத்தாச்சு. கல்லுல தங்கமாத்தான் நிக்குது."



வீட்டு வாசலில் பத்திர ஆபீசுக்குப் போக ஓர் ஆட்டோ காத்து நின்றது. அதில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஒரு ஸ்டூலின்மேல் பெட்டி இருந்தது. மூடியில் மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் கன்னியம்மா நின்றாள். மடிப்புக் கலையாத புதுப்புடவை. முப்பதைத் தாண்டியிருக்கலாம். விரல்களில் கத்தரிக்கோல் காய்ப்பு.

நான் பார்த்ததிலேயே நல்ல பெட்டி அதுதான். வளைந்த மூடி, கருஞ்சிவப்பு ஓட்டில் பித்தளைக் கொடிகள், ஓர் இலைகூட எழும்பவில்லை. மூலைக்கு ஒரு பெண் முகம், தலையில் இலைக் கிரீடம். சிங்கப் பாதக் கால்கள். அந்தச் சமையல்காரர் அதை எப்படி வைத்திருந்தாரோ, புளி போட்டுத் தேய்க்காமல் விட்டதே அதிசயம். நம் வீடுகளில் மஞ்சள் நிறத்தில் எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை புளியிடமிருந்து தப்பாது.

தூக்கிப் பார்த்தேன். தங்கத்தின் கனம் இல்லை. அடகுக்கடைக்காரர்மேல் தப்பும் இல்லை. அவர் உரசியது தோலை, தோல் தங்கம்தான், கல்லும் அதைத்தான் சொன்னது. "அறுத்துப் பாத்தாத்தான் உள்ள தெரியும்" என்று அவர் சொல்லியும் இருக்கிறார், பிறகு விசாரித்தேன். அதைக் கேட்டுக்கொண்டு வர யாருக்கும் காது இல்லை.

கன்னியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஏரிக்கரையில் ஒரு பங்கு. அதை இந்தப் பெட்டிக்கு மாற்றப் போகிறாள். நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"பித்தளைதாம்மா."

அதே சலிப்பு, அதே இரக்கம். பழகிப்போன வாய். உண்மையைச் சொல்லும்போதும் அந்தச் சுருதியில்தான் வந்தது.

அவள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"எவ்ளோ குட்த்து இட்டாந்த அண்ணே இவர?"

"ஏய், நான் ஒண்ணும் சொல்லல. அவரா பாத்துட்டு சொல்றாரு."

"கல்லு தங்கம்னு சொல்லுது. இவுரு பித்தளைன்றாரு. கல்லுக்கு இன்னா ஆசை கீது பொய் சொல்ல?" என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா கூறப் பொடவைய இப்டித்தான் ஒருத்தன் வந்து பாத்தான். 'ஜரிகை இல்லம்மா, வெறும் பித்தளைக் கம்பி'ன்னான். ரெண்டு எவர்சில்வர் டப்பாவக் குட்த்துட்டுத் தூக்கினு பூட்டான். அடுத்த தெருவுல அதே மாரி பொடவைய எரிச்சி வெள்ளி எட்த்தாங்க. எங்கம்மா சாவற வரைக்கும் அந்த டப்பாவப் பாத்துப் பாத்து அயுதுச்சி."

"நான் அந்த ஆள் இல்லம்மா."

"ஆளு வேற. வாயி ஒண்ணுதான?"

நான் பெட்டியைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். மேலே இருப்பது தங்கத் தோல், உள்ளே வெண்கலம், தங்கமாக இல்லாவிட்டாலும் பெட்டியாகவே இதற்கு நல்ல விலை உண்டு, உடைக்காமல் வைத்திருந்தால் வாங்குகிறவர்கள் வருவார்கள், ஆனால் நிலத்துக்கு ஈடாக இதை எடுக்க வேண்டாம் என்றேன்.

"பித்தளைன்ற. அப்பால நல்ல வெலைன்ற. ஏதாச்சும் ஒண்ண சொல்லு சார். பித்தளையின்னா நீ வாங்கிக்கிறியா?"

இந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். வாங்கமாட்டேன் என்றால் அது பொய். அந்தப் பெட்டிக்காக என் கொட்டகையையே கொடுத்திருப்பேன்.

"வாங்கிக்கிறேன்" என்றேன்.

அவள் கையைத் தட்டினாள். "பாத்துக்கோ அண்ணே! உன் ஆளு வாயாலயே வந்துருச்சி."

ஏழுமலையின் முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் சொன்னார்: "கன்னிமா, நீ நம்பாட்டிப் போ. பொட்டிய நானே வெச்சிக்கிறேன். பங்கு உன்கிட்டயே இருக்கட்டும். போதுமா?"

அது நல்ல மனசில் வந்ததா, தங்கச்சி எப்படிப்பட்டவள் என்று தெரிந்து வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் ஸ்டூலில் இருந்த பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி.

"இப்பத்தான தெரியுது எதுக்கு இந்த நாடகம்னு. பொட்டி எங்க போச்சுன்னு அப்புறம் நான் உன் ஊட்டுக் கதவத் தட்டிகினு நிக்கணும். அதான?"

என்னிடம் எப்போதும் ஒரு சின்ன அரம் இருக்கும். பெட்டியை ஒரு நிமிஷம் கேட்டேன். அவள் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு ஒரு காலின் அடிப்பக்கத்தை மட்டும் காட்டினாள். எனக்குக் கை கூசியது. இருந்தாலும் தங்கத் தோல் போகிற அளவுக்கு ஓர் இழுப்பு இழுத்தேன். குனிந்து பார்த்தாள். புதிதாக அறுபட்ட வெண்கலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் மஞ்சள்தான். பளபளவென்று இருந்தது.

"உள்ளயும் மஞ்சளாத்தான கீது?"

"இந்த இடத்துல உரசச் சொல்லுங்க. மார்க்கெட்டுக்கு நானும் வர்றேன். ஆசிட் ஒரு சொட்டு போட்டா தெரிஞ்சிடும்."

ஆட்டோவிலிருந்து சாட்சிக்காரர் குரல் கொடுத்தார். "பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ளாற கையெழுத்து ஆவணும். வரீங்களா இல்லியா?"

கிளம்பலாம் என்று அவசரப்பட்டது ஏழுமலை இல்லை. அவள்தான். ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டால் வருகிற சொத்து தங்காது என்று பயந்தாள். வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"ஒரு நாள் தள்ளிப் போடும்மா. ஒரே ஒரு நாள்."

"ஒரு நாள்ல பொட்டி காணாமப் பூடும் சார்."

பெட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். கதம்பம் ஆட்டோ கம்பியில் மாட்டி அறுந்து விழுந்தது. ஏழுமலை கடைசியாக ஏறும்போது என்னைப் பார்த்து, "நான் ஒண்ணும் ஏமாத்தல சார். நீங்களே சாட்சி" என்றார்.

என்னை எதற்குக் கூட்டி வந்தாரோ அந்தக் காரியம் முடிந்துவிட்டது. பெட்டி தங்கமாக இல்லாமல் போனாலும் இனி அவரை யாரும் கேட்க முடியாது. வெளியாள் ஒருவன் சொல்லியும் அவள்தான் கேட்கவில்லை. நான் ஜி.எஸ்.டி. ரோடுவரை நடந்துபோய் பஸ் பிடித்தேன்.

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லியிருக்க வேண்டும், என்ன இல்லை என்பதைப் பிறகு சொல்லியிருக்கலாம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களாவது அப்படிச் செய்யுங்கள். கேட்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஏரிப் பக்கம் கல் நட்டு மனை போட்டார்கள். சில வருஷத்தில் அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. கன்னியம்மா அண்ணன் வீட்டை விட்டு ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறையில் வாடகைக்கு இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பெட்டியை விற்கவில்லை. விற்கப் பயம். யாரிடம் காட்டினாலும் பித்தளை என்றுதான் சொல்வார்கள், எல்லோரும் திருடர்கள் என்று நினைத்துக்கொண்டு அதை அரிசிப் பானைக்குப் பின்னால் புடவையில் சுற்றி வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில், இந்த மாதிரிச் சாமான்களைச் சேர்க்கிற ஒருவர் பட்டணத்திலிருந்து என்னிடம் வந்தார். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பார்க்காமலேயே ஒரு தொகை சொன்னார். நிலத்துக்கு ஈடாகாது. ஆனால் ஊரப்பாக்கத்திலேயே அவளுக்கென்று ஒரு சின்ன மனை வாங்கிக் கூரை போட்டுக்கொள்ளலாம். நான் ரயிலேறிப் போய்ச் சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அன்னைக்கி பித்தளையின்ன."

"இன்னைக்கும் அதேதாம்மா சொல்றேன். பெட்டிக்குத்தான் இந்த விலை."

"பித்தளைக்கி எவனாச்சும் இவ்ளோ குடுப்பானா? இவ்ளோ குடுக்கறான்னா உள்ள இதுக்கு மேல கீதுன்னுதான அர்த்தம்?"

"செஞ்ச வேலைக்கும்மா. அந்தக் கொடி, அந்த முகம்..."

"மூஞ்சிக்கா?" சத்தமாகவே சிரித்தாள். "எம் மூஞ்சிக்கு எவ்ளோ குடுப்பாரு, கேட்டுச் சொல்லு சார்."

முதல் தடவை விலையைக் குறைக்கப் பார்க்கிறவனாகத் தெரிந்தேன். இரண்டாவது தடவை அதிகம் கொடுத்து மொத்தத்தையும் அடிக்கப் பார்க்கிறவனாகத் தெரிந்தேன். இரண்டு தடவையும் நான் சொன்னது ஒரே விஷயம். பட்டணத்துக்காரரையே நேரில் கூட்டிவரட்டுமா என்றேன். கூட்டி வந்தால் ஊரைக் கூப்பிடுவேன் என்றாள். திரும்பிவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து அவளுக்குக் கால் முறிந்தது. சரியாகச் சேரவில்லை. நாள் முழுக்க நின்று செய்கிற வேலை அது. வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் கன்னியம்மா என் கொட்டகைக்கு வந்தாள். அவளாக என்னைத் தேடி வந்தது அந்த ஒரு தடவைதான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். கையில் ஒரு சாக்கு. ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை. சாக்கிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆறிப்போன உலோகக் கட்டி. மேலே கறுப்பும் செம்மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"இப்ப சொல்லு. இது இன்னா?"

நான் கட்டியைப் புரட்டிப் பார்த்தேன்.

"சொல்லு அண்ணா. நீ சொன்னா இப்ப நம்பறேன்."

அதுவரை என்னை அவள் அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

"பித்தளை" என்றேன். இந்தத் தடவை குரல் வேறு மாதிரித்தான் வந்தது. ஆனால் கேட்க வேண்டிய நாள் போய்விட்டது.

அவள் தலையை ஆட்டினாள். பத்தர் ஒருவரிடம் கொடுத்து, கண் முன்னால் உருக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் எடுத்துக்கொண்டுவிடுவார் என்று பட்டறையைவிட்டு நகரவே இல்லையாம். "நின்னுகினே இருந்தன். மூலைக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சே, அதெல்லாம் கரைஞ்சிருச்சி. ஒரே ஒரு மூஞ்சி மட்டும் மேல மெதந்துகினு என்னையே பாத்துகினு கீது. ரொம்ப நேரம். அப்பால அதுவும் பூட்ச்சி." மேலே தோலாக இருந்த தங்கமும் அந்தக் கட்டிக்குள்ளேயே எங்கோ கரைந்திருக்கும். யாராலும் பிரிக்க முடியாது. பிரித்தாலும் பத்தரின் கரிச் செலவுக்குக் காணாது.

சாக்கில் இன்னும் ஏதோ இருந்தது. எட்டிப் பார்த்தேன். பெட்டியின் மரக்கூடு. வார்ப்புகளைக் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். மூலைகள் பிளந்திருந்தன. ஓட்டுத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி, பித்தளைக் கொடிகள் சுருண்டு எழுந்து நின்றன. உள்ளே வெல்வெட் மழையில் நனைந்து நாறியது. அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

"அந்தப் பட்டணத்துக்காரரு இத வாங்குவாரா?" என்று கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. எதையும் எதிர்பார்த்துக் கேட்கிற மாதிரி இல்லை.

வாங்கமாட்டார். யாரும் வாங்கமாட்டார்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். அவளுக்குச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டாள் என்று தெரியும். யோசிக்க நேரம் இல்லை.

"அவர் எதுக்கு? நானே எடுத்துக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு தொகை சொன்னேன். ஒரு நல்ல ரோஸ்வுட் மேசைக்குக் கொடுக்கிற தொகை. கல்லாவையும் திறந்துவிட்டேன்.

கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள். கல்லாவுக்குள் போன என் கையைப் பார்த்தாள். பிறகு சாக்குக்குள் குனிந்து அந்த உடைந்த கூட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தக் கட்டைக்கா?"

"ஆமா."

"அப்போ இதுல ஏதோ கீது."

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் இல்ல."

அவள் சாக்கின் வாயைச் சுருட்டி இறுக்கிக் கட்டினாள். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். உருண்டையை என் மேசைமேலேயே விட்டுவிட்டாள்.